காரில் பாட்டு விட்டு விட்டுக் கேட்கிறதா? கடைக்குப் போகும் முன் மூன்று கேள்விகள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் குடிநீரும் சாக்கடையும் பேசியே இரண்டு மணி நேரம் போய்விட்டது. இந்த முறை கொஞ்சம் இலகுவான விஷயம் ஒன்று இருக்கட்டும் என்று செயலாளர் நினைத்தார். "ஏனுங்க, நம்ம தெருவுல நாலஞ்சு பேரு வண்டியில பாட்டு விட்டு விட்டு வருதுன்னு உங்ககிட்டத்தான் வந்தாங்க. அதை எல்லாருக்கும் சேர்த்து ஒரு தடவை சொல்லிடுங்க" என்றார். அதற்காகத்தான் இங்கே நிற்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. சிக்கண்ணா அரசுக் கல்லூரியில் பி.காம். படித்துவிட்டு, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் கணக்கு டேலி ஆகவில்லை என்றால், தவறு எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் லெட்ஜரில் கையால் எழுதிய காலத்தில், வித்தியாசம் வந்தால் புதிதாகச் சேர்ந்த பையன்கள் முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பிப்பார்கள். பழைய ஆட்கள் புரட்ட மாட்டார்கள். முதலில் வித்தியாசத் தொகையைப் பார்ப்பார்கள். அது ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று சந்தேகம். 1,620 என்பதை 1,260 என்று எழுதியிருந்தால் வித்தியாசம் 360. ஒன்பதால் வகுபடும். இல்லை, இரட்டைப்படைத் தொகையாக இருக்கிறதா? அதில் பாதித் தொகை எங்காவது பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதாவது, தவறு எப்படிப்பட்டது என்று பார்த்தாலே அது எங்கே இருக்கும் என்பது பாதி தெரிந்துவிடும்.

காரில் பாட்டு அறுபடுவதும் அப்படித்தான். எதையும் கழற்றுவதற்கு முன், அது எப்படி அறுபடுகிறது என்று கவனியுங்கள். நான் இன்றைக்குச் சொல்லப் போவது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதன் விளக்கம்.

பாட்டுதானே, இதற்கு ஒரு கூட்டமா என்று கேட்பீர்கள். இரண்டு காரணங்கள். ஒன்று பணம். என் வண்டியில் பாட்டு அறுபட்டபோது கடையில் ஸ்டீரியோவையே மாற்றச் சொன்னார்கள். 18,500 ரூபாய். முன்பணம் கொடுக்கப் பையில் கை வைத்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் கோளாறு ஸ்டீரியோவில் இல்லவே இல்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது காரணம் உயிர். அதை இப்போதே சொல்கிறேன்.

ஓடும் வண்டியில் வைத்தியம் வேண்டாம்

ஒரு சனிக்கிழமை இரவு எட்டு மணி. நம் ஊரில் சனிக்கிழமை சம்பள நாள் என்பது உங்களுக்குத் தெரியும். கம்பெனி விட்டு வருகிற கூட்டம், கையில் சம்பளக் கவரும் பலகாரப் பொட்டலமுமாக ரோடு முழுக்க நடந்து போகும். என் வண்டியில் பாட்டு நின்றது. கண்ணை இரண்டு நொடி ஸ்கிரீன் பக்கம் திருப்பி பட்டனை அமுக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் முன்னால் சைக்கிளில் ஒரு பெண்பிள்ளை. பிரேக் போட்டதில் வண்டி நின்றது. அந்தப் பிள்ளையின் பின் சக்கரத்துக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, போய்விட்டது. நான்தான் ஓரமாக நிறுத்திக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடும். இரண்டு நொடி என்றால் 22 மீட்டர். அவ்வளவு தூரம் நான் ரோட்டைப் பார்க்காமல் ஓட்டியிருக்கிறேன். கையில் செல்போன் வைத்துக்கொண்டு ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் அது ஆபத்தான ஓட்டுதல். முதல் முறையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். சிறைக்கும் இடம் இருக்கிறது. ஆனால் அபராதத்துக்குப் பயந்து சொல்லவில்லை. அந்த ஒரு முழத்தை நினைத்துச் சொல்கிறேன். பாட்டு நின்றால் நிற்கட்டும். வீட்டுக்கு வந்து, வண்டியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

பாட்டு வரும் வழி

நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் என்ன ஆகும்? மெஷின் தானாக நிற்கும். எந்த நூல் அறுந்ததோ அந்தப் பக்கம் விளக்கு எரியும். ஆப்பரேட்டர் நேராக அங்கே போய் முடிச்சுப் போடுவார். கார் ஸ்டீரியோவில் அப்படி ஒரு விளக்கு இல்லை. பாட்டு அறுபடுகிறது என்பது மட்டும் காதில் விழும். எந்த நூல் அறுந்தது என்று நாம்தான் தேட வேண்டும்.

பாட்டு நம் காதுக்கு வருவதற்குள் ஐந்து கை மாறுகிறது. ஒன்று, பாட்டு இருக்கும் இடம்: இன்டர்நெட், செல்போனின் நினைவகம் அல்லது பென்டிரைவ். இரண்டு, அதை ஓட்டுகிற செல்போன். மூன்று, செல்போனிலிருந்து ஸ்டீரியோவுக்குப் போகிற வழி: புளூடூத் அல்லது கேபிள். நான்கு, ஸ்டீரியோ. ஐந்து, அங்கிருந்து கதவுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் வரை போகும் வயர். இந்த ஐந்தில் எது அறுந்தாலும் நம் காதுக்கு ஒரே மாதிரித்தான் கேட்கும். அதனால்தான் நாம் குழம்பிப் போய், கண்ணுக்குத் தெரிகிற ஸ்டீரியோ மேல் பழி போடுகிறோம்.

எந்தக் கை என்று கண்டுபிடிக்க மூன்று கேள்விகள். ஒரே இடமா? ஒரே பாட்டா? ஒரே போனா?

முதல் கேள்வி: ஒரே இடமா?

ரோட்டில் ஏதாவது ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் பாட்டு நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் பெரும்பாலும் இன்டர்நெட் சிக்னல்தான் காரணம். உடுமலையிலிருந்து மறையூர், மூணாறு போகிறவர்களுக்குத் தெரியும். ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டிக் காட்டுக்குள் போனால் சிக்னல் தேய்ந்து போகும். அங்கே பாட்டு நிற்பதற்கும் உங்கள் ஸ்டீரியோவுக்கும் சம்பந்தம் இல்லை.

இதில் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. பாட்டு ஆப்கள் கொஞ்சம் பாட்டை முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் சிக்னல் போன இடத்திலேயே பாட்டு நிற்காது; கையிருப்பு தீர்ந்த பிறகுதான் நிற்கும். போகும்போது ஒரு வளைவில் நிற்கும், வரும்போது வேறு வளைவில் நிற்கும். "இடம் மாறுதே, அப்போ சிக்னல் இல்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நம் குடியிருப்பிலேயே ஒரு இடம் இருக்கிறது. கேட்டைத் தாண்டும்போது பாட்டு நிற்கிறது என்று மூன்று பேர் சொன்னார்கள். அது என்னவென்றால், செல்போன் வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வண்டி கேட்டுக்கு வரும்போது வைஃபை பெயருக்குத்தான் இருக்கும், பாட்டு இழுக்கிற அளவுக்குப் பலம் இருக்காது. ஆனாலும் செல்போன் அதை விடாது. வண்டியில் ஏறியதும் வைஃபையை அணைத்துவிட்டால் இது தீர்ந்தது.

இன்டர்நெட்தான் காரணமா என்று உறுதி செய்ய ஒரு சோதனை. ஒரு பாட்டைச் செல்போனில் டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். ஃபிளைட் மோடு போடுங்கள். பிறகு புளூடூத்தை மட்டும் தனியாக ஆன் செய்து அந்தப் பாட்டை ஓட விடுங்கள். இப்போது அறுபடாமல் வந்தால், உங்கள் போனும் சரி, ஸ்டீரியோவும் சரி, வயரும் சரி. ஒரு ரூபாய் செலவில்லாமல் ஐந்தில் நான்கு கைகளுக்கு விடுதலை கொடுத்துவிட்டீர்கள். தூரப் பயணத்துக்கு முந்தின நாள் இரவே பாட்டுகளை டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சிலர், சிகரெட் லைட்டரில் செருகுகிற எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வைத்திருக்கிறீர்கள். அதுவும் இடத்துக்கு இடம் மாறும். 93.5, 98.3 போன்ற கோவை வானொலி நிலையங்களின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால், சக்தி வாய்ந்த நிலையம் உங்கள் சின்னக் கருவியை அமுக்கிவிடும். எந்த நிலையமும் இல்லாமல் வெறும் இரைச்சல் மட்டும் வருகிற எண்ணாகப் பார்த்து வையுங்கள்.

இரண்டாவது கேள்வி: ஒரே பாட்டா?

ரோட்டில் எங்கே போனாலும், குறிப்பிட்ட ஒரு பாட்டில், அதுவும் அதே வரியில்தான் அறுபடுகிறதா? அப்படியானால் கோளாறு அந்தப் பாட்டின் ஃபைலிலேயே இருக்கிறது. அதே பென்டிரைவை வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுக் கேளுங்கள். அங்கேயும் அதே இடத்தில் அறுபட்டால் வண்டி மேல் குற்றம் இல்லை.

ஃபைல் ஏன் கெடுகிறது? காப்பி முடிவதற்குள் பென்டிரைவைப் பிடுங்குவது முதல் காரணம். "எஜெக்ட்" கொடுத்துவிட்டு எடுக்க வேண்டும். இரண்டாவது, போலி பென்டிரைவ். மேலே பெரிய கொள்ளளவு அச்சடித்திருக்கும். உள்ளே அதில் சிறு பங்குதான் இருக்கும். முதல் நூறு பாட்டு நன்றாகப் பாடும், அதற்கப்புறம் போட்டதெல்லாம் அறுபடும் அல்லது பாடவே பாடாது. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள். மூன்றாவது, பென்டிரைவை வண்டி படிக்கவே இல்லை என்றால் அது ஃபார்மட் விஷயம். பல ஸ்டீரியோக்களுக்கு ஃபேட்32 என்கிற முறைதான் புரியும். பாட்டை எல்லாம் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துவிட்டு, அந்த முறையில் ஃபார்மட் செய்து திரும்பப் போடுங்கள்.

இப்போது என் 18,500 ரூபாய்க் கதை.

1986-இல் என் மகள் பிறந்தபோது, என் அம்மா அவளைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுப் பாடியதை டூ-இன்-ஒன்னில் பதிவு செய்தேன். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம். பின்னால் தெருவில் பாத்திரக்காரர் சத்தம்கூடக் கேட்கும். அம்மா 1994-இல் காலமாகிவிட்டார். கேசட் பீரோவில் கிடந்தது. போன வருடம் மகள் வழிப் பேரன் லீவுக்கு வந்தபோது, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி என் செல்போனில் போட்டுக் கொடுத்தான். கோபியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் குன்னத்தூர் ரோட்டில் அதைத்தான் கேட்பேன்.

ஒரு இடத்தில் குரல் நின்றுவிடும். சற்று நேரம் மௌனம். பிறகு பாதிச் சொல்லிலிருந்து மறுபடி அம்மா பாடுவார். எனக்கு ஆத்திரம். புளூடூத் சரியில்லை என்றேன். செல்போனை மாற்றிப் பார்த்தேன். கேபிள் வாங்கினேன். கடைக்காரர் செட்டையே மாற்றச் சொன்னார். பணம் எடுக்கிற நேரத்தில், முப்பத்தேழு வருடப் பழக்கம், ஒரு கேள்வி மண்டையில் தட்டியது: மற்ற பாட்டெல்லாம் அறுபடுகிறதா? யோசித்துப் பார்த்தால், இல்லை. இது ஒன்றுதான். அதுவும் அதே இடத்தில்தான்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டேன். அதே இடத்தில் மௌனம். பேரன் கோபியிலிருந்து போனில் சொன்னான், "அப்புச்சி, கேசட்டுலயே அப்படித்தான் இருந்துச்சு. நான் ஒண்ணும் பண்ணல." கேசட்டை எடுத்துப் பென்சிலால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். நாடாவில் செலோடேப் ஒட்டு.

என் வீட்டம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார், "ஏனுங்க, நீங்கதானே ஒட்டுனீங்க. டேப்புல சிக்கிக் கசங்கிப் போச்சுன்னு கத்திரிக்கோல்ல வெட்டிட்டு ஒட்டலையா? மறந்துட்டீங்களா?"

சுத்தமாக மறந்துவிட்டேன். கேசட் நாடா ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். நான் கசங்கியதென்று வெட்டிக் குப்பையில் போட்டது ஒரு விரல் நீளம்தான் இருக்கும். ஏறக்குறைய இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியில் அம்மா என் மகளின் பெயரைச் சொல்லி "கண்ணு" என்பார். எனக்கு ஞாபகம் இருக்கிறது. கேசட்டில் இல்லை.

அன்றைக்குக் கடையில் பணத்தைக் கொடுத்திருந்தால், புது ஸ்டீரியோவும் அந்த இடத்தில் அதே மௌனத்தைத்தான் பாடியிருக்கும்.

மூன்றாவது கேள்வி: ஒரே போனா?

இடமும் சம்பந்தமில்லை, பாட்டும் சம்பந்தமில்லை, கண்ட நேரத்தில் அறுபடுகிறது என்றால் வீட்டில் இன்னொருவர் போனை இணைத்துப் பாருங்கள். அவர் போனில் நன்றாகப் பாடினால் கோளாறு உங்கள் போனில். இரண்டு போனிலும் அறுபட்டால் கோளாறு வண்டியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். போனையும் கேபிளையும் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

முதலில் போனைப் பார்ப்போம்.

புளூடூத் வேலை செய்வது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். பல வீட்டு வைஃபைகளும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இருக்கின்றன. பேருந்து நிலையம் மாதிரி நெரிசலான இடம். அதனால் புளூடூத் ஒரே தடத்தில் போகாது. 79 தடங்களுக்கு நடுவே நொடிக்கு 1,600 தடவை தாவித் தாவிப் போகும். ஒரு தடத்தில் இடி வாங்கினாலும் அடுத்ததில் தப்பித்துவிடும். ஆனால் தண்ணீரைக் கண்டால் இந்த அலைக்கு ஆகாது. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். செல்போனைப் பேண்டின் பின் பாக்கெட்டில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தால் அலையை நம் உடம்பே குடித்துவிடும். என்னிடம் வந்தவர்களில் இரண்டு பேருக்குச் சொன்ன மருந்து, "போனை எடுத்து கியர் பக்கத்தில் வையுங்கள்" என்பதுதான். அத்தோடு சரியானது.

அடுத்து, பேட்டரி மிச்சம் பிடிக்கும் வசதி. பேட்டரி குறைந்ததும், பின்னால் ஓடுகிற ஆப்பைப் போன் தூங்க வைத்துவிடும். ஸ்கிரீன் அணைந்து கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றால் இதுதான் காரணம். செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய், பாட்டு ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாடு வேண்டாம் என்று வையுங்கள்.

வாட்ஸ்அப் செய்தி மணி அடித்தாலும், மேப் "வலது பக்கம் திரும்பவும்" என்று சொன்னாலும் பாட்டு ஒரு கணம் அமுங்கும். இது கோளாறே இல்லை. குடும்ப குரூப்பில் காலை வணக்கம் அதிகமாக வருகிறவர்களுக்கு அதிகமாக அறுபடும், அவ்வளவுதான்.

புளூடூத் இணைப்பே கெட்டுப் போயிருந்தால், போனில் அந்த வண்டியின் பெயரையும், வண்டியில் அந்தப் போனின் பெயரையும் இரண்டு பக்கமும் அழித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் போதாது. விற்ற போன், வந்து போன விருந்தாளியின் போன் எல்லாம் வண்டிப் பட்டியலில் கிடக்கும். அவற்றையும் துடைத்துவிடுங்கள்.

கேபிளில் கேட்பவர்களுக்கு, நம் ஊருக்கே உரிய கோளாறு ஒன்று: பஞ்சு. கம்பெனிக்குள் போய் வருகிறவர்களின் சட்டைப் பாக்கெட்டில் பஞ்சுத் துகள் இருக்கும். அது செல்போனின் சார்ஜர் ஓட்டைக்குள் போய், ஒவ்வொரு தடவை கேபிளைச் செருகும்போதும் அழுந்தி அழுந்தி உள்ளே மெத்தை மாதிரி ஆகிவிடும். கேபிள் முழுதாக உள்ளே போகாது. வண்டி குலுங்கும்போதெல்லாம் விட்டு விட்டு வரும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஊக்கு, ஊசி வேண்டாம். உள்ளே இருக்கும் பின் வளைந்துவிடும். நம் தெருவில் டெய்லரிங் யூனிட் வைத்திருக்கும் தம்பி ஒருவர் போனிலிருந்து எடுத்த பஞ்சைப் பார்த்து, "இதுல ஒரு பாவாடை நாடாவே திரிக்கலாமுங்க" என்று அவரே சிரித்தார்.

எல்லாக் கேபிளும் ஒன்றல்ல என்பதும் ஞாபகம் இருக்கட்டும். சில மலிவு கேபிள்களில் சார்ஜ் ஏற்றும் வயர் மட்டும் இருக்கும்; பாட்டைக் கொண்டுபோகும் வயர் இருக்காது. வாங்கும்போது "டேட்டா கேபிள்" என்று கேட்டு வாங்குங்கள்.

கோளாறு வண்டியில் என்றால்

இரண்டு மூன்று போனில் பார்த்தும் அறுபடுகிறது என்றால்தான் வண்டிக்கு வர வேண்டும். இங்கேயும் நான்கு அடையாளம் பாருங்கள்.

பள்ளத்தில் இறங்கும்போது பாட்டு நிற்கிறதா? நம் ஊரில் குழாய்க்கும் சாக்கடைக்கும் தோண்டிய தெருக்களுக்குக் குறைவில்லை, சோதித்துப் பார்க்க வசதிதான். நிற்கும்போது ஸ்டீரியோவின் ஸ்கிரீனும் அணைந்து எரிந்தால், அதற்குக் கரண்ட் வருகிற வழியில் தளர்ச்சி: ஃபியூஸ், எர்த் வயர் அல்லது பின்பக்கக் கப்ளர். ஸ்கிரீன் அணையாமல் சத்தம் மட்டும் போனால் அதற்கு அப்பால், ஸ்பீக்கர் பக்கம் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் போகிறதா? செட்டிங்ஸில் பேலன்ஸ், ஃபேடர் என்று இருக்கும். அதை இடது முன், வலது முன், இடது பின், வலது பின் என்று நான்கு மூலைக்கும் நகர்த்திக் கேளுங்கள். எந்த மூலை ஊமை என்று தெரிந்துவிடும். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய்க்குள் ஓடும் வயர் நாளடைவில் உள்ளேயே அறுந்திருக்கும். கதவை அசைக்கும்போது சத்தம் வந்து போனால் அதுதான்.

சத்தத்தைக் கூட்டும்போது மட்டும் நிற்கிறதா? பேட்டரி பலவீனமாக இருக்கலாம், அல்லது தனி ஆம்ப்ளிஃபையர் சூடாகித் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள அணைந்திருக்கலாம். சித்திரை வெயிலில் கம்பெனி வாசலில் நாள் முழுக்க நின்ற வண்டியில் ஏறியதும் இப்படி ஆவது சகஜம். கண்ணாடியை இறக்கிச் சூட்டைக் குறைத்துவிட்டுப் பாருங்கள்.

"ங்ஙீ" என்று ஒரு சத்தம், ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஏறுகிறதா? ஆக்ஸ் வயரில் கேட்டுக்கொண்டே போனை வண்டி சார்ஜரில் போட்டால் வருகிற சத்தம் அது. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் சார்ஜரோ எர்த்தோதான் காரணம்.

இத்தனையும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். என்றைக்கு அறுபட்டது, எங்கே, எந்தப் பாட்டு, யார் போன், ஸ்கிரீன் அணைந்ததா இல்லையா. ஐந்து கட்டம் போட்ட நோட்டு. ஒரு வாரம் எழுதினால் போதும். "என்னமோ விட்டு விட்டு வருதுங்க" என்று போகிறவரிடம் புது செட் விற்பார்கள். "மூணு போன்லயும் பாத்தாச்சு, பள்ளத்துல வலது முன்னாடி மட்டும் போகுது, ஸ்கிரீன் அணையல" என்று போகிறவருக்கு வயரைப் பார்ப்பார்கள். கடைசியாக ஒன்று. வண்டியின் ஒரிஜினல் வயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள். உங்கள் வண்டிக்குப் பொருந்துகிற கப்ளர் போடச் சொல்லுங்கள். வயரை வெட்டி ஒட்டியவன் படும் பாட்டை நாடாவை வெட்டி ஒட்டியவன் சொல்கிறேன்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

*"போன் பேசினா தெளிவாக் கேக்குது, பாட்டு மட்டும் அறுபடுது. அப்போ புளூடூத் நல்லாத்தானே இருக்கு?"* என்று ஒரு சகோதரி கேட்டார். புளூடூத்தில் பேச்சுக்கு ஒரு வழி, பாட்டுக்கு வேறு வழி. ஒன்று நன்றாக இருப்பதால் மற்றதும் நன்றாக இருக்கும் என்று இல்லை. போனின் புளூடூத் செட்டிங்ஸில் வண்டியின் பெயரைத் தொட்டால், அழைப்புக்கு ஒன்றும் மீடியாவுக்கு ஒன்றுமாக இரண்டு சுவிட்ச் இருக்கும். மீடியாவை அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

*"வீட்டுக்காரி வண்டியில ஏறுனதும் என் பாட்டு நின்னு போகுதுங்க"* என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் விஷயம் உண்மை. இரண்டு போனும் அந்த வண்டியில் பதிவாகியிருந்தால் இரண்டும் இணையப் பார்க்கும். வண்டி செட்டிங்ஸில் எந்தப் போனுக்கு முன்னுரிமை என்று வைக்க முடிந்தால் வையுங்கள். இல்லையென்றால் ஒருவர் புளூடூத்தை அணைக்க வேண்டும். யார் அணைப்பது என்பதில் சங்கம் தலையிடாது.

*"வண்டி ஸ்டார்ட் பண்ணும்போது பாட்டு நின்னு வருது, இது கோளாறா?"* இல்லை. ஸ்டார்ட் ஆகும் நொடியில் பேட்டரியின் பலம் முழுக்க எஞ்சினுக்குப் போகிறது. அந்த நேரம் ஸ்டீரியோ கொஞ்சம் பட்டினி கிடக்கும். ஆனால் முன்பு இல்லாமல் இப்போது புதிதாக இப்படி ஆகிறது, ஸ்டார்ட் ஆகவும் இழுக்கிறது என்றால் பேட்டரியைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பீரோவிலும் பரணிலும் பழைய கேசட் இருக்கும். அப்பாரு உடுக்கைப் பாட்டுச் சொன்னது, ஆத்தா கும்மி பாடியது, கல்யாண வீட்டுப் பேச்சு என்று ஏதாவது. நாடா நாளாக ஆக உலர்ந்துபோகும், ஒட்டிக்கொள்ளும். இன்னொரு தடவை டேப்பில் போட்டுக் கேட்பதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஓடுகிற டேப்ரிக்கார்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. பேரன் சொல்லிக் கொடுத்ததைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். காசு வேண்டாம். ஒரு பென்டிரைவ் கொண்டு வாருங்கள், நல்ல பென்டிரைவாக.

கத்திரிக்கோல் மட்டும் எடுத்து வராதீர்கள்.